தொட்டிலுக்கு எந்தப் பூச்சு?

தெப்பக்காட்டிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி ஒரு படம் அனுப்பியிருந்தாள். தாத்தா காலத்து மரத்தொட்டில். மஞ்சள் பெயின்ட், அதன்மேல் சிவப்பில் பூவேலை. பங்குனியில் வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறதாம். "சார், பெயின்ட் உதிராம இருக்க மேலே என்ன அடிக்கலாம்? வார்னிஷா, பாலிஷா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு மட்டும் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

வண்ணம் தனி, அதைக் காக்கும் பூச்சு தனி என்ற பிரிவு நம் பழைய கடைசலில் கிடையாது. தெப்பக்காட்டிலிருந்து மைசூர் போய், பெங்களூர்ச் சாலையில் ஏறினால் சென்னப்பட்டணம் வரும். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசல் பட்டறையில் சுழலவிட்டு, நிறம் கலந்த அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசலின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானும் அரக்குக் கடைசல்தான். நிறமும் காப்பும் ஒன்றே என்பதால் மேல்பூச்சு என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

மரக்கிளையில் சிறு பூச்சிகள் சுரந்து ஒட்டவைப்பது கொம்பரக்கு. அதைக் கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு. அவலைப் போல இருப்பதால் அந்தப் பெயர். சீன, ஜப்பானிய மெருகுச் சாமான்களைப் பார்த்து ஆசைப்பட்ட ஐரோப்பியர்களுக்கு அந்த மரத்தின் பால் கிடைக்கவில்லை. அதனால் நம் அவலரக்கைச் சாராயத்தில் கரைத்து அதே பளபளப்புக்கு முயன்றார்கள். இதற்கென்றே 1688இல் ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் இங்கிலாந்தில் ஒரு புத்தகம் போட்டார்கள். பிற்காலத்தில் நம் ஆசாரிகள் 'பிரெஞ்சு பாலிஷ்' என்று சொல்லிப் பூசியதும் இதே அவலரக்குத்தான். நம் சரக்குக்குப் பெயர் மட்டும் பிரெஞ்சு! இசைத்தட்டுகூட 1950கள் வரை பெரும்பாலும் இதில்தான் செய்தார்கள். ராஞ்சி அருகே நாம்கும் என்ற ஊரில் 1924இல் அரக்குக்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கும் அளவுக்கு அதற்கு மதிப்பு இருந்தது.

ஆனால் ஈரத்தை அரக்கு தாங்காது. சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஆனி, ஆடிச் சாரலில் பூசினால் மொத்தமாகவே வெளுத்துப்போகும்.

எண்ணெய் வார்னிஷ் என்பது ஆளிவிதை எண்ணெயில் பிசினைக் காய்ச்சிச் செய்வது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியமும் இதற்கு உதவியிருக்கிறது. ஈரத்தை அரக்கைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் நாளாக ஆக மஞ்சளாகும், இருட்டறையில் இன்னும் வேகமாக. வெள்ளை பெயின்டின்மேல் இதை அடித்தால் சில வருடத்தில் பழைய பல்லின் நிறம் வந்துவிடும்.

1920களில் காருக்காக வந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் சீக்கிரம் காயும். ஆனால் அதன் தின்னர் எனாமல் பெயின்டைச் சுருட்டிவிடும். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார். இன்று கடையில் 'பி.யூ.' என்று கேட்டு வாங்குவது அந்தப் பரம்பரைதான். அதில் தண்ணீர் கலந்து வரும் வகை மஞ்சளாகாது, நெடியும் குறைவு. பெயின்ட் அடித்த சாமானுக்கு என் ஓட்டு இதற்கே.

ஆனால் அம்மா, உன் தொட்டிலுக்கு எதுவுமே வேண்டாம்.

அந்த மஞ்சளும் சிவப்பும்தான் காரணம். பழைய பெயின்டில் இந்த இரண்டு நிறங்களுக்கும் ஈயச் சேர்மங்களைத் தாராளமாகச் சேர்த்தார்கள். ஈய வெள்ளையைத் தடுக்க 1921லேயே சர்வதேச ஒப்பந்தம் வந்தது. அமெரிக்கா 1978இல் வீட்டு பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது. நம் நாட்டில் 90 பி.பி.எம். என்ற உச்சவரம்பு 2016இல் விதியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உன் தொட்டில் அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியது. பல் முளைக்கும் குழந்தை தொட்டில் விளிம்பைக் கடிக்கும். எந்தப் பூச்சும் அந்தக் கடிக்குத் தாங்காது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், பிறகு அதைத் திருப்ப முடியாது. உப்புத்தாள் போட்டு நீயோ மாப்பிள்ளையோ சுரண்டவும் வேண்டாம். அந்தத் தூசிதான் எல்லாவற்றிலும் மோசம், வயிற்றுப் பிள்ளைக்காரி பக்கத்திலேயே நிற்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, கைக்கு எட்டாத இடத்தில் தாத்தா நினைவாக வை. பிள்ளைக்குச் சேலைத் தூளி போதும். நீங்கள் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள்தானே!

புதிதாக பெயின்ட் அடித்த மேசை, பெஞ்சு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனாமல் என்றால் தொட்டால் ஒட்டவில்லை என்று மறுநாளே மேல்பூச்சுக்குப் போகாதீர்கள். சில வாரம் ஆறவிடுங்கள். தை, மாசி வெயிலில், மெல்லிசாக இரண்டு மூன்று கை. அடிப்பக்கத்தையும் கால் நுனிகளையும் விட்டுவிடாதீர்கள், ஈரம் அங்கிருந்துதான் ஏறும்.