கொழுந்துக் கூடையும் கூலிக் கணக்கும்

பெண் கூலி வேலைக்குச் செல்வது அண்மைக்காலப் புதுமை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். சங்கச் செய்யுள்களைப் பயின்றோர் அவ்வாறு எண்ணார். உப்பு விற்ற உமணர் மகளிரையும் நூல் நூற்றுப் பிழைத்த பெண்டிரையும் அச்செய்யுள்கள் நமக்குக் காட்டுகின்றன. பெண்கள் என்றுமே உழைத்தனர். அவ்வுழைப்புக்கு விலை குறித்தவர் யார், எந்த அளவுகோலைக் கொண்டு குறித்தனர் என்பதே வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினா. இவ்வினாவுக்கு விடை காண நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களே போதும்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரிற் பெரும்பாலோர் ஆண்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869 ஆம் ஆண்டில் கோப்பிச் செடியில் இலைநோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் அழிந்தொழிந்தது. 1867 இல் லூல்கொந்தரவில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். உரிய நாளிற் கிள்ளாவிட்டால் இலை முற்றிவிடும். ஆகவே வந்து போகும் ஆட்கள் துரைமாருக்குப் போதவில்லை. லயத்திலேயே நிலையாகக் குடியிருக்கும் குடும்பம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. பெண்ணின் பெயர் செக்ரோலில் ஏறியது இத்தேவையின் விளைவே. தோட்டத்தின் தலையாய வேலையான கொழுந்து பறித்தல் பெரும்பாலும் அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

அவளுக்குக் கொடுக்கப்பட்ட கூலி என்ன? இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலின் பின்னர், 1927 இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. 1929 இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தாழ்நாட்டிலோ முறையே 50, 40, 30 சதம். இவ்வெண்களைச் சற்று ஊன்றி நோக்குவோமாக. ஆண் ஐந்து பங்கு பெற்றால் பெண் நான்கு பங்கு. பிள்ளை மூன்று பங்கு. மலைநாடாயினும் தாழ்நாடாயினும் விகிதம் மாறவில்லை. கூடையில் விழுந்த கொழுந்தை நிறுத்துக் கண்ட கணக்கு இதுவாயின் இத்துணை ஒழுங்காக அமையுமா? உழைப்பை அளக்குமுன் ஆளை அளந்து வகுத்த கணக்கு இது.

இதற்குக் கூறப்பட்ட நியாயங்கள் இரண்டு. ஆணே குடும்பத்தைக் காப்பவன், பெண்ணின் கூலி அதற்குத் துணைவரவு மாத்திரமே என்பது ஒன்று. பெண்ணின் வேலை இலேசானது. மெல்லிய விரல்களுக்கு இயற்கையாய் அமைந்தது என்பது மற்றையது.

முதலாவது நியாயம் லயத்தின் வாசற்படியைத் தாண்டாது. இருவர் கூலியும் சேர்ந்தும் பல குடும்பங்களிற் பானை நிறையவில்லை என்பதே உண்மை. இங்கே இன்னொன்றையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். குடும்பத்தில் அனைவரும் உழைப்பர் என்ற உறுதி இருந்தமையாலேயே ஆணின் கூலியையும் தாழ்வாக வைத்திருக்க முதலாளியால் இயன்றது. மனைவிக்குக் குறைந்த பதினொரு சதம் கணவன் கைக்குப் போகவில்லை. கம்பனியின் இலாபக் கணக்குக்கே போயிற்று. பெண்ணின் கூலிக்குறைவு ஆண் தொழிலாளியின் ஆதாயம் என்று கருதுவோர் இதைச் சிந்திப்பாராக.

இரண்டாவது நியாயம் இன்னும் நுட்பமானது. இரண்டிலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்து, மட்டம் கெடாமல் இரு கையாலும் விரைந்து பறிப்பது பல ஆண்டுப் பழக்கத்தால் வரும் திறமை. அதனை ‘இயற்கை’ என்று பெயரிட்டதும் அது திறமை அல்லாததாகிவிடுகிறது. திறமை அல்லாததற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. கவ்வாத்து வெட்டும் ஆண் தனக்குரிய அளவை முடித்துப் பகலிலேயே லயம் திரும்பக் கூடும். கொழுந்து பறிப்பவளோ மாலை நிறுவை முடியும்வரை மலையில் நிற்பாள். விடியுமுன் அவள் மூட்டிய அடுப்பும், சுமந்த தண்ணீரும், பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடிய ஓட்டமும் எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. நாளைய தொழிலாளரை வளர்க்கும் அவ்வேலை தோட்டத்துக்கு இலவசமாகவே கிடைத்தது. பெற்ற கூலியையும் சம்பள நாளில் கணவனோ தந்தையோ வாங்கிச் செல்லும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது.

தொழிற்சங்கங்கள் என் செய்தன? 1931 இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரிடையே பாட்டிசைத்து விழிப்பூட்டினார். எனினும் பின்னர் வளர்ந்த சங்கங்களிற் சந்தா செலுத்தியோரிற் பெண்கள் பெருந்தொகையினராக, தலைமைக் கதிரைகளோ ஆண்களுடையனவாகவே இருந்தன. 1941 இன் சம்பளச் சபைச் சட்டத்தின் பின்னரும் ஆண் கூலி, பெண் கூலி என்ற பிரிவு நீடித்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டில் வாக்குரிமை பறிபோனமையும் மலையகத் தொழிலாளரின் குரலை மேலும் நலியச் செய்தன. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்போதும் இப்பிரிவு தானாக ஒழியவில்லை. உடைமை கைமாறுவதால் மட்டும் எல்லா அநீதியும் நீங்கிவிடும் என்று நம்பும் நம்மனோர்க்கு இது கசப்பான பாடம். 1984 இல், உலகச் சந்தையில் தேயிலை விலை உயர்ந்திருந்த வேளையில், தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாயிற்று. ஐந்துக்கு நான்கு என்று சட்டம் எழுதி ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

சமகூலி வந்தமை பெருவெற்றி, அதில் ஐயமில்லை. ஆயின் கதை அத்துடன் முடியவில்லை. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, அதனோடு எழுந்த பெரும் சர்ச்சை ஒரு நாட்பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்பதே. கிலோ குறைந்தால் அரைப்பேர். இந்தத் தராசின் முன் நிற்போர் பெரும்பாலும் பெண்களே. மலைக்கு வெளியே நோக்கினும் இதே வாதம் நம்மை எதிர்கொள்கிறது. 1978 இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளில் இளம் பெண்களே பெரும்பான்மையினர். கொழுந்துக்குப் பொருந்திய மெல்லிய விரல்கள் தையல் இயந்திரத்துக்கும் பொருந்தின. திறமை மீண்டும் இயற்கையாயிற்று.

சர்வதேசத் தொழில் தாபனம் 1951 இல் நிறைவேற்றிய நூறாவது சமவாயம், சமபெறுமதியுடைய வேலைக்குச் சமவேதனம் என்கிறது. இலங்கை அதனை 1993 இல் ஏற்றது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று மட்டும் அது கூறவில்லை. பெண்ணின் வேலை, ஆணின் வேலை எனப் பிரிக்கப்பட்டவற்றின் பெறுமதியையே மறுபடி அளக்கும்படி கேட்கிறது. அந்த அளவை இன்னும் முற்றுப்பெறவில்லை.

வகுப்பறையில் தேயிலை ஏற்றுமதியின் புள்ளிவிபரங்களை நாம் கற்பிக்கிறோம். மாணவர் மனனம் செய்கின்றனர். அவ்வெண்களுக்கு அருகே 54, 43, 32 என்ற மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதி, ஏன் இவ்வாறு என்று வினவுவோம். பின் வரிசையிலிருந்து கொழுந்தெடுப்பவளின் மகள் ஒருத்தி எழுந்து விடை கூறக்கூடும். அவள் கூறுவதை நாமும் கேட்டுக் கற்போம்.