பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்: கல்லூரிகள் "உண்டு", "இல்லை" என்று சொன்ன வரலாறு



கல்வி வரலாறு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நாம் என்ன எழுதுவோம்? எந்தப் பல்கலைக்கழகம் எந்த ஆண்டு தொடங்கியது, எந்தச் சட்டம் எப்போது வந்தது என்று எழுதுவோம். விண்ணப்பம் போட்ட பிள்ளைக்கு "உனக்கு இடம் உண்டு" அல்லது "உனக்கு இடம் இல்லை" என்ற செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள். ஒரு கல்வி நிறுவனம் மாணவர்களை எப்படிப் பார்த்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

இடம் கிடைத்தவருக்குச் செய்தி சொல்வது எந்தக் காலத்திலும் சுலபம். கிடைக்காதவருக்கு என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், காரணம் சொன்னார்களா? இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு சீனா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளைப் பார்ப்போம்.

1. சுவரில் ஒட்டிய பட்டியல்

சீனப் பேரரசின் தேர்வுமுறை ஏறக்குறைய 1300 ஆண்டுகள் நீடித்து 1905இல் ஒழிக்கப்பட்டது. அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு என்றுதான் நாம் படித்திருப்போம். அது உண்மைதான். ஆனால் மிங், சிங் அரசமரபுகளின் காலத்தில் அதன் முதல் கட்டம் வட்டார அரசுப் பள்ளியில் மாணவராகப் பதிவு பெறுவதற்கான தேர்வாகவும் இருந்தது. ஆகவே அதை ஒரு சேர்க்கைத் தேர்வு என்றும் சொல்லலாம்.

இம்முறையில் நேர்மைக்கு மிகுந்த அக்கறை காட்டினார்கள். உயர்கட்டத் தேர்வுகளில் எழுதியவரின் பெயரை மூடி ஒட்டிவிடுவார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக எழுத்தர்கள் விடைத்தாளை வேறொரு தாளில் படியெடுத்துத் தருவார்கள். அதைத்தான் தேர்வாளர் திருத்துவார். இன்றைக்கு நம் விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் எழுதுகிறோம் அல்லவா, அதே எண்ணம்தான்.

முடிவு எப்படி வந்தது? வெற்றி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை ஊரறிய ஒட்டினார்கள். மாநிலத் தேர்வில் வென்றவரின் வீட்டுக்கு மணியும் தாளமுமாய் ஆட்கள் ஓடிப்போய் நற்செய்தி சொல்லி அன்பளிப்பும் வாங்கிக்கொள்வார்கள். உச்சக்கட்டமான அரண்மனைத் தேர்வில் வென்றால் பெயர் கல்லிலேயே ஏறியது. பெய்ஜிங் கன்பூசியஸ் கோயிலில் 198 கல்வெட்டுகளில் 51,624 பெயர்களை இன்றும் பார்க்கலாம்.

தோற்றவரிடம் யாரும் போகவில்லை. பட்டியலில் தன் பெயர் இல்லை என்பதை அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மேலிருந்து கீழே ஒருமுறை படிப்பார். நம்பாமல் மறுபடி படிப்பார். இங்கே நிராகரிப்பு என்பது ஒரு செய்தியே இல்லை, வெறும் மௌனம்தான்.

அந்த மௌனம் ஒருவரை எங்கே கொண்டுபோனது என்பதற்கு வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. குவாங்தோங் மாநிலத்தில் 1814இல் பிறந்தவர் ஹோங் சியூச்சுவான். நம் நாட்டிலும் வாழும் ஹக்கா சமூகத்தைச் சேர்ந்தவர். கெட்டிக்காரப் பிள்ளை என்று குடும்பமே அவர்மீது நம்பிக்கை வைத்தது. மேலே சொன்ன முதல் கட்டத் தேர்வை அவர் குவாங்சோவ் நகரில் நான்கு முறை எழுதினார். நான்கு முறையும் பெயர் வரவில்லை. 1837இல் மூன்றாம் தோல்விக்குப் பிறகு கடும் நோயில் விழுந்து காட்சிகள் கண்டார். 1843இல் நான்காம் முறையும் தோற்றார். பின்னர் அந்தக் காட்சிகளுக்குச் சமயப் பொருள் கண்டு, 1851இல் தைப்பிங் அரசைப் பிரகடனம் செய்தார். 1864 வரை நீடித்த அந்த உள்நாட்டுப் போரில் சுமார் 2 கோடிப் பேர் இறந்ததாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். (பேராக்கில் இருக்கும் தைப்பிங் நகரின் பெயரும் இதே சீனச் சொல்தான், ஆனால் அந்தப் பெயர் லாருட் போர்களுக்குப் பிறகு வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மாணவர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. "ஹோங் தேர்வில் தோற்றார், அதனால் போர் வந்தது" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். 1839 முதல் 1842 வரை நடந்த அபின் போர், நிலப் பற்றாக்குறை, வறுமை, ஹக்கா மக்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இருந்த பகை என்று ஆழமான காரணங்கள் பல. தேர்வுத் தோல்வி தனிமனிதர் ஒருவரை உலுக்கிய நிகழ்வு. அடிப்படைக் காரணத்தையும் தூண்டுதலையும் பிரித்து எழுதினால்தான் அது வரலாற்றுக் கட்டுரை.

2. கதவுக்கு வந்த கடிதம்

அடுத்தது அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கல்லூரியில் சேர விரும்பிய பையன் நேரில் போவான். கல்லூரித் தலைவரும் பேராசிரியர்களும் லத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றில் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள். பதில் திருப்தியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு பாடத்தில் குறை இருந்தால் "இதைப் பிறகு சரிசெய்துகொள்" என்ற நிபந்தனையோடு சேர்ப்பதும் உண்டு. மாணவர் எண்ணிக்கை குறைவு, கல்லூரிக்கும் பணம் தேவை. அதனால் "இல்லை" என்று சொல்லும் தேவை அதிகம் எழவில்லை.

1900இல் கல்லூரிகள் கூடிப் பொதுத் தேர்வு வாரியம் ஒன்றை அமைத்தன. 1901இல் அதன் முதல் தேர்வை எழுதியவர்கள் 973 பேர்தான். அப்போதும் விதி எளிமையானது, தேறினால் இடம் உண்டு.

இந்த விதி 1920களில் உடைந்தது. காரணம் என்ன தெரியுமா? தேறியவர்களில் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். சில முன்னணிக் கல்லூரிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1922இல் ஹார்வர்ட் தன் விண்ணப்பப் படிவத்தில் இனம், சமயம், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் ஆகியவற்றைக் கேட்கத் தொடங்கியது. உங்கள் பெயரோ தந்தையின் பெயரோ பிறப்புக்குப் பின் மாற்றப்பட்டதா என்றும் கேட்டது. 1926இல் முதலாண்டு மாணவர் எண்ணிக்கையை 1000 என்று வரையறுத்தார்கள். மதிப்பெண்ணோடு "குணநலனையும்" பார்ப்போம் என்றார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். மதிப்பெண் மட்டுமே அளவுகோல் என்றால், இடம் கிடைக்காதவர் "என் மதிப்பெண் இவ்வளவு, எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்கலாம். "குணநலன்" என்ற அளவுகோலுக்கு முன்னால் அந்தக் கேள்வி நிற்காது. காரணம் சொல்லாமலேயே "இல்லை" என்று சொல்ல அது நிறுவனத்துக்கு வழி திறந்துவிட்டது. வருத்தம் தெரிவித்துக் காரணம் தெரிவிக்காத நிராகரிப்புக் கடிதம் நமக்கு இன்று சாதாரணமாகத் தெரிகிறது. அந்த மௌனத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியால் போர்வீரர்கள் திரளாகக் கல்லூரிக்கு வந்தார்கள். அடுத்து அவர்களின் பிள்ளைகள் வந்தார்கள். விண்ணப்பங்கள் பெருகின. தபால்காரர் கொண்டுவரும் உறையைத் தொட்டாலே முடிவு தெரியும் என்ற பேச்சு அப்போதுதான் பரவியது. சேர்த்துக்கொண்டவருக்கு விடுதிப் படிவம், கட்டண விவரம், வரவேற்புக் குறிப்பு என்று பல தாள்கள் அனுப்ப வேண்டும், அதனால் உறை தடித்திருக்கும். சேர்க்காதவருக்கு ஒரே ஒரு தாள், உறை மெலிந்திருக்கும்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சீனப் பட்டியலில் தோற்றவருக்குப் பெயரே இல்லை. மெல்லிய உறையின்மேல் அவர் பெயர் இருந்தது. தோற்றவருக்கும் ஒரு வார்த்தை எழுதி அனுப்ப வேண்டும் என்ற வழக்கம் கடிதத்தோடு நிலைபெற்றது.

3. முன்கூட்டியே சொன்ன நிபந்தனை

பிரிட்டனில் பிரச்சினை வேறு மாதிரி. ஒரு மாணவர் பல பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனியே விண்ணப்பிப்பார். எத்தனை பேர் உண்மையில் வந்து சேருவார்கள் என்று எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது. ஒருவர் கையில் நான்கு இடம் இருக்கும், இன்னொருவர் வெறுங்கையோடு நிற்பார். இதைச் சரிசெய்ய 1961இல் மத்தியச் சேர்க்கை மன்றம் ஒன்றை அமைத்தார்கள். இன்றைய யூகாஸ் அதன் வாரிசு.

அங்கே பெரும்பாலோருக்குக் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய பதில். ஏ நிலைத் தேர்வில் இன்னின்ன தகுதி பெற்றால் உனக்கு இடம் உண்டு என்று தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். ஆகஸ்ட் மாதம் முடிவு வரும். தகுதி எட்டவில்லை என்றால், காலியாக இருக்கும் இடங்களுக்கு அலைந்து விண்ணப்பிக்க ஓர் ஏற்பாடும் உண்டு.

இந்த முறையிலும் குறைகள் உண்டு. ஆனால் மூன்றாவது கேள்விக்கு இங்கே ஓரளவு பதில் கிடைக்கிறது. எது போதவில்லை என்பது மாணவருக்குத் தெரியும், அடுத்த கதவு எது என்பதும் தெரியும்.

4. திரையில் வந்த முடிவு

2002இல் யேல் பல்கலைக்கழகம் சேர்க்கை முடிவை இணையத்தில் பார்க்க வசதி செய்தது. விண்ணப்பதாரர் தன் பிறந்த தேதியையும் அரசு அடையாள எண்ணையும் கொடுத்துப் பார்க்கலாம். என்ன ஆச்சு? பிரின்ஸ்டனுக்கும் விண்ணப்பித்திருந்த சிலரின் விவரங்களைப் பயன்படுத்தி, பிரின்ஸ்டன் சேர்க்கை அலுவலகத்தினரே யேலின் தளத்தில் நுழைந்து பார்த்துவிட்டார்கள். பெரிய சர்ச்சை ஆனது.

2009இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம், சேர்க்கப்பட்டவர்களுக்கான வாழ்த்து மின்னஞ்சலை விண்ணப்பித்த 46,000க்கும் மேற்பட்டோர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டது. அவர்களில் சுமார் 28,000 பேர் இடம் கிடைக்காதவர்கள். சில மணி நேரத்தில் மன்னிப்பு மின்னஞ்சல் வந்தது. அதற்குள் எத்தனை வீடுகளில் இனிப்பு வாங்கியிருப்பார்கள்! தபாலில் இப்படி நடந்திருந்தால் 46,000 உறைகளை யாராவது கையால் தொட்டிருப்பார்கள், யாராவது கவனித்திருப்பார்கள். திரையில் ஒரு சொடுக்கு போதும்.

வேறொரு மாற்றமும் நடந்தது. கடிதம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நாள் போனது. திரையில் எல்லாருக்கும் ஒரே நிமிடம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் பை எண்ணை நினைவுபடுத்தும் மார்ச் 14ஆம் தேதியில் முடிவை வெளியிடுவதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறது. இடம் கிடைத்தவர்கள் உடனே வாட்ஸ்அப்பில் பகிர்கிறார்கள். கிடைக்காதவர் தன் அறையில் தனியாகக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு, மற்றவர்களின் கொண்டாட்டத்தையும் அதே கைப்பேசியில் பார்க்கிறார். மௌனம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் சுற்றிலும் சத்தம்.

5. நமக்கு என்ன?

நம் மாணவர்களும் இன்று யூ.பி.யூ. முடிவைத் திரையில்தான் பார்க்கிறார்கள். இடம் கிடைக்காதவருக்கு மேல்முறையீடு என்று ஒரு வழி இருக்கிறது. இந்த வழி திறந்திருக்கிறது என்பதை முடிவு வருவதற்கு முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள், ஆசிரியர்களே. முடிவு வந்த அன்று நல்ல செய்தி சொன்னவர்களை வாழ்த்துங்கள். செய்தி சொல்லாதவர்களின் பட்டியலையும் எடுத்து ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்பு போடுங்கள். பெய்ஜிங்கில் வென்றவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. ஓர் ஆசிரியரின் அழைப்பு தோற்றவருக்குப் போதும்.

மாணவர்களே, 1300 ஆண்டுகளாக "இல்லை" என்ற பதிலைத் தீர்மானித்ததில் எழுதியவரின் திறமையோடு இடங்களின் எண்ணிக்கையும், விதியை எழுதியவர்களின் விருப்பு வெறுப்பும் சேர்ந்தே இருந்தன. உங்களுக்கு அப்படி ஒரு பதில் வந்தால், அது ஓர் ஆண்டின் இடப் பங்கீட்டைப் பற்றிய செய்தி. உங்களைப் பற்றிய தீர்ப்பாக அதை வாசிக்க வேண்டாம்.

வகுப்பில் கலந்துரையாட:

1. பட்டியல், கடிதம், திரை ஆகிய மூன்றில் நிராகரிக்கப்பட்டவருக்கு எது அதிக மதிப்புக் கொடுத்தது? சான்றுகளோடு விளக்குக.

2. சேர்க்கை விதிகளின் மாற்றம் சமூக ஒதுக்கலுக்குக் கருவியாக முடியும் என்பதை 1920களின் அமெரிக்காவைக் கொண்டு ஆராய்க.

3. ஹோங் சியூச்சுவானின் தேர்வுத் தோல்வி தைப்பிங் போருக்குக் காரணமா, தூண்டுதலா? இருபக்க வாதங்களையும் எழுதுக.