134ஆம் எண் துப்பாக்கி

பிரான்சு மன்னர் பதின்மூன்றாம் லூயி (1601–1643) பெரும் வேட்டைப் பிரியர் என்பதை நாம் படித்திருக்கிறோம். வேட்டையைக் காட்டிலும் துப்பாக்கியின் மீதே அவருக்கு மோகம் அதிகம் என்று நமக்குத் தோன்றுகிறது. சிறு வயதிலேயே சேர்க்கத் தொடங்கியவர், இறுதிவரை நிறுத்தவில்லை.

அவர் சேர்த்தவற்றுள் லிசியு நகரத்து லெ பூர்ஷ்வா குடும்பத்தாரின் வேட்டைத் துப்பாக்கிகள் தனிச்சிறப்புடையவை. அக்குடும்பத்தின் மாரென், ஓவியர். பொறிகள் செய்வதிலும் வல்லவர். அவர் காலத்துச் செல்வர்கள் பயன்படுத்திய சக்கரப் பொறித் துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் சாவியால் முறுக்க வேண்டும். செலவும் அதிகம், பழுதும் அதிகம். லெ பூர்ஷ்வா பட்டறையில் உருவான சக்கிமுக்கிப் பொறியோ எளியது. கல் எஃகுத் தகட்டில் மோதும், தகடு விலகி மருந்துக் கிண்ணம் திறக்கும், பொறி விழும். பின்னர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியப் படைகள் ஏந்தியது இவ்வகைப் பொறியைத்தான்.

போர்க்களத் துப்பாக்கியின் முன்னோடியை நமக்குக் காத்துத் தந்தது படைக் கொட்டில் அன்று. அங்கே தேய்ந்தவை உருக்கப்பட்டன, உடைந்தவை எறியப்பட்டன. முத்துச்சிப்பியும் வெள்ளியும் பதித்த கட்டையை எறிய எவருக்கு மனம் வரும்? அலங்காரத்தை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பதினான்காம் லூயியின் ஆட்சியில், 1673இல், அரண்மனை ஆயுதங்களுக்குப் பட்டியல் எடுக்கப்பட்டது. பட்டியல் எண் துப்பாக்கிக் கட்டையிலேயே பொறிக்கப்பட்டது. அழகிய மரத்தில் எண்ணைக் குத்துவது கணக்கரின் முரட்டு வேலைதான். எனினும் புரட்சியின்போதும், 1815இல் அயல்நாட்டுப் படைகள் பாரிசில் நுழைந்தபோதும் தொகுப்பு சிதறிய பின், எந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று சொன்னவை அந்த எண்களே. 1939இல் சுவீடன் அறிஞர் டோர்ஸ்டன் லெங்க் சக்கிமுக்கிப் பொறியின் வரலாற்றை நூலாக்கியபோது, தப்பிய இத்துப்பாக்கிகளே அவருக்குப் பெருந்துணையாயின.

லெ பூர்ஷ்வா பட்டறையின் தொடக்ககாலத் துப்பாக்கிகளில் ஒன்று சென்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிட்டேஜில் உள்ளது. இன்னொன்று பாரிசுப் படை அருங்காட்சியகத்தில். 134 என்ற எண்ணுடையது, பியேர் லெ பூர்ஷ்வா செய்ததாகக் கருதப்படுவது, அமெரிக்கச் சேகரிப்பாளர் வில்லியம் ரென்விக்கிடம் இருந்தது. அவர் மறைவுக்குப்பின் 1972 நவம்பர் 21இல் லண்டன் சாத்பீஸ் ஏலத்தில் 1,25,000 பவுண்டுக்கு விலைபோயிற்று. அதுவரை எந்தத் துப்பாக்கியும் எட்டாத விலை அது. இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் காணலாம்.

விலை ஏறினால் போலியும் பின்தொடரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பழந்துப்பாக்கிகளின் கல் பொறியைக் களைந்து புதுவகை வெடிமூடிப் பொறி பொருத்தினர். பின்னாளில் சேகரிப்பாளரின் பணப்பையை நோக்கி வணிகர் அவற்றை மீண்டும் கல் பொறியாக்கினர். ஆகவே தேர்ந்த சேகரிப்பாளர் முதலில் வெள்ளி வேலைப்பாட்டைப் பார்ப்பதில்லை. பொறியைக் கழற்றி, அது அமர்ந்திருந்த மரப்பள்ளத்தில் புதிய உளித்தடம் உண்டா என்றே பார்க்கிறார்.