முகத்தின் கோடும் விரலின் கோடும்

1892இல் விரல்ரேகைகளைப் பற்றி நூலெழுதிய ஃபிரான்சிஸ் கால்டன், ரேகையில் இனத்தின் முத்திரை தென்படும் என்று எதிர்பார்த்திருந்தார். ஆங்கிலேயர், வேல்ஸ் மக்கள், யூதர், கறுப்பினத்தவர் எனப் பலரின் ரேகைகளை ஒப்பிட்டும், ஓர் இனத்துக்கே உரிய வடிவம் எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. ஏமாற்றத்தை அவர் மறைக்கவுமில்லை.

ஆயினும் அந்தத் தேடல் ஓயவில்லை. அடுத்த நூற்றாண்டின் மானுடவியலாளர்கள் உலக மக்களின் ரேகைகளை வில், கண்ணி, சுழி என வகைபிரித்து எண்ணினர். பசிபிக் தீவினரிடம், அவர்களுள் மாவோரிகளிடமும், ஐரோப்பியரைக் காட்டிலும் சுழிகள் மிகுதி என்பது அவ்வெண்ணிக்கைகளின் பொதுப்போக்கு. ஆனால் இது சராசரி மட்டுமே. மூன்று வடிவங்களும் இரு மக்களிடமும் உண்டு. தனியொரு ரேகையைக் கொண்டு 'இவர் மாவோரி' என்று எவராலும் சொல்லிவிட முடியாது. கருவின் மூன்றாம், நான்காம் மாதங்களில், விரல்நுனி மேடுகளின் உயரத்தையும் வளர்ச்சியின் தற்செயல்களையும் பொறுத்து ரேகை உருவாகிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குக்கூட அது வேறுபடும். குலத்தைப் பற்றி ரேகை ஏறக்குறைய மௌனமே சாதிக்கிறது.

குலத்தைப் பேசிய கோடுகள் மாவோரிகளிடம் வேறிடத்தில் இருந்தன. எலும்பு உளியால் முகத்தில் செதுக்கப்பட்ட 'மோக்கோ', ஒருவரின் மரபையும் தகுதியையும் அறிவித்தது. லிவர்பூலில் தங்கியிருந்த தலைவர் தெ பேஹி குப்பே, கண்ணாடியின் துணையின்றித் தம் முகக்கோடுகளை நினைவிலிருந்தே வரைந்து காட்டினார். 1840இல் வைத்தாங்கி உடன்படிக்கையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டபோது, சிலர் தம் மோக்கோவின் ஒரு பகுதியையே கையெழுத்தாகத் தீட்டினர். எழுத்தறியாதவரைக் 'கைநாட்டு' என்று எள்ளும் நம் வழக்கு இங்கே பொருந்தாது. அவர்கள் இட்டது, படிக்கத் தெரிந்தவர்க்கு ஒரு வரலாறு.

படிக்கத் தெரியாதவர்க்கோ அது வெறும் அலங்காரம். மோக்கோ பொறித்த தலைகள் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்கு விலைப்பொருளாயின. 1831இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் டார்லிங் அவ்வணிகத்தைத் தடைசெய்ய நேர்ந்தது. பிரான்சின் ரூவான் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த ஒரு தலையை 2011இல்தான் நியூசிலாந்திடம் ஒப்படைத்தது.

இனத்தைச் சொல்லாத விரலில் அதைத் தேடிய அதே நூற்றாண்டு, மரபை வெளிப்படையாகச் சொன்ன முகத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் பெயரின்றி வைத்தது. அறியாமையைவிட, எதை அறிவென்று கொள்வது என்ற முடிவே அங்கு கொடிதாக இருந்தது.