தூது போன கதை

1973 ஏப்ரல் 3 இல் நியூயோர்க் வீதியில் நின்று மார்ட்டின் கூப்பர் கைத்தொலைபேசியில் பேசினார். 1989 இல் அது கொழும்புக்கு வந்தது. போருக்குள் கிடந்த எங்கள் ஊர்காவற்றுறையோ 2002 போர்நிறுத்தத்தின் பின்னரே அதைக் கண்டது. தொண்ணூறுகளின் முற்பாதியில் பிள்ளையின் குரலைக் கேட்கவென்றே கொழும்புவரை போனவர்கள் உண்டு. மற்றவர்க்குக் கடிதந்தான்.

அயல்வீட்டு ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. பாரிஸிலிருந்து மகன் எழுதுவதைச் சிறுவனாகிய நானே வாசிப்பேன். வேலை போனது, விசா மறுக்கப்பட்டது போன்ற வரிகளை விழுங்கிவிட்டு, "சுகமாய் இருக்கிறாராம் ஆச்சி" என்பேன். பதிலையும் நானே எழுதுவேன். (இன்று வகுப்பில் தூது இலக்கியம் கற்பிக்கும்போது இது நினைவுக்கு வரும்.)

கைத்தொலைபேசி வந்தபின் ஆச்சி என்னைக் கூப்பிடவில்லை. ஒருநாள் படலையடியில் மறித்தார்.

"தம்பி, அவனுக்கு அப்பவே விசா இல்லையாமே. நீ வாசிக்கேக்கை ஏன் சொல்லேல்லை?"