ஃபிளைபார் போன பிறகும்

ரேடியோ மூலம் இயக்கும் மாடல் ஹெலிகாப்டரின் வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் எஞ்சினில் தொடங்கி லித்தியம் பேட்டரியில் முடித்துவிடுகிறார்கள். பிளேடுகளைப் பிடித்திருக்கும் ரோட்டர் ஹெட்டுக்கு அதில் ஓரிரு வரிதான் கிடைக்கிறது: முன்பு பிளேடுகளுக்குக் குறுக்கே ஃபிளைபார் என்ற நிலைநிறுத்தும் கம்பி இருந்தது, பிறகு அதன் வேலையைச் செய்ய மின்னணுக் கருவி வந்தது, பராமரிப்புத் தொல்லை தீர்ந்தது. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை ஏற்க முடியாது. ரோட்டர் ஹெட்டில் பாகங்கள் குறைந்தன; ஆனால் மிஞ்சிய பாகங்களிடம் எதிர்பார்க்கப்படும் துல்லியம் கூடிவிட்டது. பழுது பார்ப்பவரின் பொறுப்பும் அதோடு சேர்ந்து கூடியது.

ஃபிளைபார் மாடல்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல; பெரிய ஹெலிகாப்டர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் ஆர்தர் யங் 1928 முதல் சிறு மாடல்களை வைத்தே சோதனை செய்து, பிளேடுகளுக்குக் குறுக்கே நுனியில் எடை கொண்ட ஒரு நிலைநிறுத்தும் தண்டை உருவாக்கினார். 1941இல் அவர் பெல் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்தத் தண்டுடன் வந்த பெல் 47, 1946 மார்ச் 8 அன்று பொதுமக்கள் பயன்பாட்டுக்கான சான்றிதழ் பெற்றது. மற்றொரு வடிவமைப்பாளரான ஸ்டான்லி ஹில்லர் தண்டின் நுனியில் எடைக்குப் பதிலாகச் சிறு துடுப்புகளைப் பொருத்தினார். விமானி துடுப்பைத் திருப்பினால் போதும், அது காற்றின் பலத்தில் பெரிய பிளேடைத் திருப்பிவிடும். ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970இல் தன் மாடலை 11.5 கிலோமீட்டர் பறக்கவிட்டுச் சாதனை படைத்தபோது, மாடல் உலகத்துக்குத் தேவைப்பட்டதும் இந்தத் துடுப்புதான். கட்டளைப்படி பாகங்களை அசைக்கும் சிறு மோட்டார்களான அன்றைய சர்வோக்களுக்குச் சுழலும் பிளேடை நேரடியாகத் திருப்பும் பலம் இல்லை. மனிதக் கைக்கு எட்டாத வேகத்தில் சாய்வைத் திருத்தும் கைரோவும் இல்லை. இரண்டு குறையையும் ஒரே கம்பி ஈடுகட்டியது. பின்னாளில் யங், ஹில்லர் இருவரின் முறையையும் கலந்த ரோட்டர் ஹெட்டே வழக்கமானது.

அதற்கான விலையைப் பழுது பார்க்கும் மேசையில் கொடுக்க வேண்டியிருந்தது. கம்பி மையத்திலிருந்து இருபுறமும் ஒரே நீளத்தில் நிற்க வேண்டும். இரண்டு துடுப்பும் ஒன்றுக்கொன்று இணையாகவும், சர்வோக்களின் அசைவை ரோட்டருக்குக் கடத்தும் ஸ்வாஷ்பிளேட் மட்டமாக இருக்கையில் அதற்கு இணையாகவும் இருக்க வேண்டும். பந்து முனை கொண்ட இணைப்புகளான பால் லிங்குகள் தேய்ந்தால் ஒவ்வொன்றிலும் மயிரிழை ஆட்டம் சேர்ந்து, ரேடியோவின் குச்சியை அசைத்தும் மாடல் சற்றுத் தாமதமாகக் கேட்கும். பிளேடு நுனிகளில் வெவ்வேறு நிற டேப் ஒட்டி, தூரத்தில் நின்று கண்மட்டத்தில் பார்த்து, எந்த நிறம் மேலே ஓடுகிறதோ அந்தப் பிளேடின் லிங்கை அரைச்சுற்று திருப்பிச் சரிசெய்வார்கள். இதில் பெரிய அனுகூலம் ஒன்று இருந்தது: கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. வளைந்த கம்பியும் சாய்ந்த துடுப்பும் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

மின்னணுக் கருவி வந்தவுடனே ஃபிளைபார் வெளியேறிவிடவில்லை. ஜப்பானில் நெல் வயலுக்கு மருந்து தெளிக்க 1987இல் வந்த ஆளில்லா ஹெலிகாப்டரான யமஹா ஆர்-50, ரோட்டர் ஹெட்டில் துடுப்புடன்தான் பறந்தது. 1997இல் வந்த அதே நிறுவனத்தின் ஆர்மேக்ஸ் மின்னணு நிலைக்கட்டுப்பாடு கொண்டதாக இருந்தும் துடுப்பை விடவில்லை. மாடல்களில் மூன்று அச்சையும் உணரும் நுண்கைரோக்களும் வேகமான டிஜிட்டல் சர்வோக்களும் மலிவான பிறகு, 2000களின் இறுதியில்தான் துடுப்பு பரவலாகக் கழன்றது. பாதி லிங்குகள் போன பின் பழுதும் பாதியாகியிருக்க வேண்டாமா என்று கேட்பது நியாயம்தான். உடையக்கூடிய பாகங்கள் குறைந்ததை மறுப்பதற்கில்லை, பறப்பும் கூர்மையாயிற்று. ஆனால் பழைய ரோட்டர் ஹெட்டில் தேய்ந்த பேரிங் நடுக்கத்தைத்தான் தந்தது. புதியதில் அந்த நடுக்கம் சென்சாருக்குள் போய், இல்லாத சாய்வை இருப்பதாகக் காட்டி, சர்வோவைத் திருத்தச் சொல்லும். லிங்கில் ஆட்டம் இருந்தால் திருத்தம் தாமதமாகி மாடல் ஊசலாடும். அப்போது பலர் ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல் கருவியின் உணர்திறனைக் குறைக்கிறார்கள். ஊசலாட்டம் அடங்கும்; தேய்மானம் அப்படியே இருக்கும். நான் கவலைப்படுவது இதற்காகத்தான்.

உதிரிப் பாகங்கள் பாக்கெட்டில் கிடைக்கும்போது, விழுந்தால் மாற்றிக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். மாற்றத்தான் வேண்டும்: பிளேடுகளைத் தாங்கும் ஃபெதரிங் ஷாஃப்டைக் கண்ணாடி மீது உருட்டிப் பார்த்து, சற்றே துள்ளினாலும் நிமிர்த்த முயலாமல் தூக்கிப் போட வேண்டும். இறுகி வெடித்த ரப்பர் டாம்பருக்கும் அதே கதிதான். ஆனால் பூட்டத் தெரியாமல் மாற்றிப் பயனில்லை. பிளேடின் வெளி இழுப்பைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கின் இரண்டு வளையங்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள்விட்டத்தில் மட்டும் மிகச் சிறிய வேறுபாடு. பெரிய துளை உள்ள வளையம் ரோட்டரின் மையத்தை நோக்கியும், சிறியது வெளியே திருகை நோக்கியும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் வளையம் ஷாஃப்டில் உரசும். பாரம் ஏறும்போது பிளேடு திரும்ப மறுக்கும். அந்தப் பாரம் எவ்வளவு? 180 கிராம் பிளேடின் எடைமையம் 40 சென்டிமீட்டரில் இருந்து, நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 320 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்கிப் பிடிப்பது ஷாஃப்டின் முனையில் இருக்கும் ஒரு சிறு திருகும், அது கழலாமல் காக்கும் ஒரு துளிப் பசையும். புரியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்தப் பசை ஒட்டாது. இந்தத் திருகும் இந்த பேரிங்கும் துடுப்புக் காலத்திலும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. எந்த மின்னணுக் கருவியும் இவற்றின் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே புது மாடல் வாங்கியவர்கள், தொழிற்சாலையிலேயே பூட்டி வந்ததாக இருந்தாலும், ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள அந்தத் திருகுகளை ஒருமுறை கழற்றுங்கள். பேரிங் வளையங்களின் வரிசையைப் பார்த்து, கிரீஸ் வைத்து, புரியைத் துடைத்துப் பசையிட்டு மறுபடி முடுக்கிய பிறகே மோட்டாருக்கு இணைப்புக் கொடுங்கள்.