றெவேய்: விழிப்பும் காவலும்

பாரிஸில் வாழும் என் தங்கையின் மகள் சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, 'றெவேய்' எண்டதைத் தமிழில என்னெண்டு சொல்லுற?"

ஒரு சொல்லில் விடையளிக்க இயலவில்லை. பிரெஞ்சு மொழியில் துயிலெழுவது றெவேய்; தலைமாட்டில் அலறும் மணிக்கூடும் றெவேய்; படை முகாமில் அதிகாலை ஊதும் எக்காளமும் றெவேய். அடங்கிக் கிடந்த எரிமலை கனலத் தொடங்குவதும், ஒரு மக்கள் கூட்டத்தின் எழுச்சியும் அதுவே. நத்தார் இரவில் கண்விழித்து உண்ணும் விருந்து 'றெவேயோன்' எனப்படும். இவை யாவும் விழித்துக் காத்திருத்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரொன்றிலிருந்து கிளைத்தவை. இராக்காவலைக் குறிக்கும் 'வேய்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். ஆக, அம்மொழியில் விழிப்பும் காவலும் உடன்பிறப்புகள்.

மட்டக்களப்புக்குப் பிரெஞ்சு முற்றிலும் அந்நியமன்று. 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்தில் எங்கள் வாவிக்கரையும் அடங்கியிருந்தது. அதன் பொறுப்பை ஏற்று வந்தவர்கள் பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகள். சுவாமி விபுலாநந்தர் கற்ற புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தெடுத்த பொன்னெல் அடிகளாரும் அவர்களுள் ஒருவரே.

எங்களுக்கோ விடியற்காலை 'வெள்ளாப்பு'. துயில் நீங்குவது 'எழும்புவது'. ஆரையம்பதியில் என் இளமையில் எங்களை எழுப்ப மணிக்கூடு தேவைப்படவில்லை. மார்கழித் திருவெம்பாவை நாள்களில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க இளைஞர் கூட்டம் தெருத்தெருவாக வரும். றமழானில், அயலிலுள்ள காத்தான்குடியில் பாவாமார் றபான் தட்டிப் பாடி, ஸஹர் உணவுக்கு மக்களை எழுப்புவர். காற்று வாய்ப்பாக வீசினால் அந்த ஓசையில் நாங்களும் விழித்துக்கொள்வோம். யாரும் அதைத் தொல்லையென்று எண்ணியதில்லை. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்று முதியோர் சொல்வது வெறும் பேச்சன்று.

1990 அனைத்தையும் மாற்றியது. ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் புலிகளால் கொல்லப்பட்டனர். செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர் 158 பேரை இராணுவம் கொண்டு சென்றது, அவர்கள் திரும்பவேயில்லை. அதன்பின் வெள்ளாப்பு என்றால் சுற்றிவளைப்பு. நாய் குரைத்தால் ஊரே எழுந்து உட்காரும். இரு பக்கத்து ஊர்களிலும் மக்கள் விழித்திருந்தனர், ஒருவரை ஒருவர் அஞ்சி. றெவேய் மறைந்து வேய் மட்டும் எஞ்சிய காலம் அது. எழுச்சிப் பாடல்கள் ஓங்கி ஒலித்த அந்தக் காலத்திலேயே 'துயிலும் இல்லம்' என்ற பெயரும் எங்கள் மொழியில் நிலைபெற்றதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

1998 டிசம்பர் இறுதியில் றமழானும் திருவெம்பாவையும் நத்தாரும் ஒரே வாரத்தில் கூடி வந்தன. விடுமுறையில் ஊரில் இருந்தேன். ஒரு நாள் வைகறையில் எங்கள் தெருவில் சங்கு ஊதிய சிறிது நேரத்தில் வடக்கிலிருந்து றபான் ஓசை மெல்லக் கேட்டது. என் தாயார் படுக்கையில் எழுந்தமர்ந்து, "அவங்களும் எழும்பிற்றாங்க" என்றார். அவர் குரலில் அன்று அச்சம் இல்லை.

சந்திர நாட்காட்டிக் கணக்கின்படி, 2030 டிசம்பர் இறுதியில் றமழானும் திருவெம்பாவையும் மீண்டும் சேர்ந்து வரும். இப்போது கைத்தொலைபேசியே எல்லோரையும் எழுப்பிவிடுகிறது. ஆயினும் அந்த வைகறையில் ஊரில் இருந்து கேட்க விரும்புகிறேன்.

மருமகளுக்குச் சொன்ன விடை இதுதான்: "அதுக்குத் தமிழில இரண்டு சொல் இருக்கு மகள். பயத்தில முழிச்சிருந்தா அது காவல். அயலவன்ட சத்தத்தில எழும்பினா, அதுதான் விடியல்."